மானுக்கும் மரைக்கும் ஒரு துவக்கு

ஜூலை முப்பத்தொன்றுக்குள் முடிவு சொல்லும்படி பொலிஸ் கடிதம் அனுப்பியிருந்தது. அது 1990ஆம் ஆண்டு. மார்ச்சில் என் மனைவி இம்மாகுலேற் இறந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலையில் நின்றபோது மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. எனக்கு முப்பத்து நான்கு.

அவள் பெயரில் மான் வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. லைசென்ஸ் அவளோடு போய்விட்டது. எனக்கு மூன்று மாதத் தற்காலிக அனுமதி தந்திருந்தார்கள். அதற்குள் விற்கலாம். அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நானே லைசென்ஸ் எடுக்கலாம். குழாயை அடைத்து, சுடமுடியாதபடி செய்து, சுவரில் மாட்டியும் வைக்கலாம் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது.

கடைசி வழியை உடனே தள்ளிவிட்டேன். ஒருமுறை சஸெக்ஸில் ஒரு பப்பில் பழைய துவக்குகளைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சுடாத துவக்கு என்னத்துக்கு? விளக்குமாறெண்டால் கூட்டவாவது உதவும்."

கொடுக்க எனக்கு மனமில்லை. வைத்திருப்பதென்றால் மான் சுடுவேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். முட்டைகூடச் சாப்பிட்டதில்லை.

அவள் மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கம். மடுவுக்குப் போகிற வழியில் காட்டோரக் கிராமம். அவளுடைய அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள துவக்கு ஒன்று இருந்தது. அவளும் அண்ணன் சவிரிமுத்துவும் அவரோடு காட்டுக்குப் போய் வளர்ந்தவர்கள். எண்பத்தைந்தில் அந்தத் துவக்கை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். யார் என்று அவர் கடிதத்தில் எழுதவில்லை. சவிரிமுத்து கனடாவுக்குப் போய் அல்பேர்ட்டாவில் குடியேறினான். நாங்கள் லண்டனுக்கு வந்து ஹரோவில் வீடு எடுத்தோம்.

ஆய்வுகூடத்தில் அவளோடு வேலை செய்த ஒருத்தியின் தகப்பனுக்கு சஸெக்ஸில் பண்ணை இருந்தது. மான்கள் பயிரைத் தின்பதால் வருஷத்துக்கு இத்தனை என்று சுட்டுக் குறைப்பார்கள். 1987இல் இவளைக் கூட்டிப்போய், பகிடியாக ஒரு துவக்கைக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பகிடி பண்ணவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய பிரீசர் வந்தது.

குட்மேய்ஸில் இருக்கும் என் அண்ணர் பரமேஸ்வரனுக்கு இது பொறுக்கவில்லை.

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து கடையில வாங்கப் போறியளோ?"

"அது ஆக்களுக்கு, அண்ணை," என்றாள் இம்மாகுலேற். "இது சட்டிக்கு."

எந்தத் துவக்கு என்பதை முடிவு செய்ய 1988 தொடக்கத்து மாரிகாலம் முழுவதும் போனது. அவளுக்கு இரண்டு வேலைக்கு ஒரு துவக்கு வேண்டும். இங்கே மான். தொண்ணூறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அல்பேர்ட்டாவுக்குப் போய் அண்ணனோடு எல்க். எல்க் என்றால் எனக்கு என்னவென்று தெரியாது.

"எங்கட காட்டு மரைமான் மாதிரி," என்றாள். "ஆனா மரையைவிடப் பெரிசு. எங்கட காரளவு வருமெண்டு அண்ணன் சொல்லுறார்."

"காரைச் சுடுறதுக்கு நீர் பீரங்கி வாங்க வேணும்."

"சும்மா இரும்."

கலிபர் என்பது குழாயின் வாய் அகலம். 243 என்றால் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஏறக்குறைய இருநூற்று நாற்பத்து மூன்று பங்கு. இங்கத்தைய சட்டத்தில் மானுக்கு 240க்குக் குறையக்கூடாது. அதற்கு 243 போதும். ஆனால் எல்க்குக்குப் போதாது என்று சவிரிமுத்து தொலைபேசியில் கத்தினான். முப்பது-ஆறு எடு என்றான். அதில் முப்பது என்பது முந்நூறு பங்கு, ஆறு என்பது 1906ஆம் வருஷம். பழைய அமெரிக்க இராணுவத் தோட்டா. இரண்டுக்கும் நடுவில் 270 இருந்தது.

பஸ் நேர அட்டவணை போடுவது என் வேலை. எனக்குத் தெரிந்த வழியில் உதவினேன். ஒரு பெரிய தாளில் மூன்று கலிபர்களையும் மேலே எழுதி, கீழே தோட்டாவின் நிறை, வேகம், இருநூறு யார் தூரத்தில் எவ்வளவு கீழே விழும், தோளில் எவ்வளவு உதைக்கும் என்று நிரப்பினேன். ஒரு வாரம் எடுத்தது. அவள் தேத்தண்ணிக் கோப்பையை அதன் மேல் வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"வடிவான அட்டவணை," என்றாள். "மரை இதை வாசிக்குமோ?"

"நீர் வாசியும்."

"உதையெண்டு போட்டிருக்கிறீர். உது எண்ணில்லை. உது தோளில தெரிய வேணும்."

ஹவுன்ஸ்லோவில் டட்லி என்றொரு கிழவர் துவக்குக் கடை வைத்திருந்தார். விமானங்கள் கூரையை உரசுவதுபோல இறங்கும் தெரு. ஒரு விமானம் வந்தால் டட்லி வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அவர் மூன்று துவக்குகளையும் சனிக்கிழமை சுடுமிடத்துக்குக் கொண்டுவந்தார். 243ஐ அவள் சிரித்துக்கொண்டே சுட்டாள். முப்பது-ஆறில் முதல் வெடியோடு சிரிப்பு நின்றது. மூன்றாவது வெடியில் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடினாள். டட்லி துவக்கை வாங்கிக்கொண்டார்.

"கண்ணை மூட வைக்கும் துவக்கால் பெரிய மிருகத்தைக் காயப்படுத்தத்தான் முடியும்," என்றார். "கண் திறந்திருக்கிற அளவுக்கு எது பெரியதோ, அதுதான் உங்கள் கலிபர்."

270ஐப் பத்துத் தரம் சுட்டாள். கண் திறந்தே இருந்தது.

அன்றிரவு தோளில் நீலமாகக் கன்றியிருந்தது. நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அவள் சவிரிமுத்துவுக்குத் தொலைபேசி எடுத்து, தன் கலிபரை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவன் அரை மணித்தியாலம் பேசினான். அவள் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு, "அண்ணன், உங்களுக்குத் தோள் பெரிசு. எனக்குக் கண் நல்லது," என்று வைத்துவிட்டாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரத்தில் போனது. ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டினாள்.

அவள் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. துவக்கில் தோளோடு வைக்கும் மரக் கட்டை அவளுக்கு நீளம். டட்லி அவள் முழங்கையை மடிக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விரல்வரை அளந்தார். பிறகு கட்டையின் அடியிலிருந்து முக்கால் அங்குலத்தை அறுத்தார். விசையிலிருந்து கட்டையின் முடிவுவரை பன்னிரண்டே முக்கால் அங்குலம். அறுத்த துண்டைத் தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தார். நல்ல வால்நட் மரம். அவள் அதைக் குசினியில் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தாள். சரியான அளவாக இருந்தது.

அந்தத் துவக்கால் இரண்டு மாரிகாலம் மான் சுட்டாள். கனடா டிக்கெட் செப்டெம்பருக்குப் போட்டிருந்தோம்.

ஜூலை நடுவில் டட்லியிடம் போனேன். லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"எதற்கு என்று கேட்பார்கள்."

"மானுக்கு."

"ஏன் 270 என்றும் கேட்பார்கள்."

சொன்னேன். நிறை, வேகம், இருநூறு யார் தூரம். அவர் தலையாட்டினார்.

"எல்லாம் சரி. முதலில் ஒரு தரம் சுட்டுப் பாருங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்."

சனிக்கிழமை அதே சுடுமிடம். காதுக்கு அடைப்பு. நான் கட்டையைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும் கண்ணாடிக்குள் பார்த்தேன். டட்லி ஏதோ சொன்னார். காதடைப்பில் எனக்குக் கேட்கவில்லை. விசையை இழுத்தேன்.

கண்ணாடியின் விளிம்பு வந்து புருவத்தில் அடித்தது. இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. டட்லி தன் கைலேஞ்சியை எடுத்து அழுத்திப் பிடித்தார். வலித்தது. வலிக்கிறது என்பதைக் கவனித்தேன். மார்ச்சுக்குப் பிறகு எதுவும் வலித்ததாக ஞாபகமில்லை. நான் வாங்குப் பலகையில் இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. டட்லி கைலேஞ்சியை எடுக்கவில்லை.

பிறகு சொன்னார். "பின்னால் போங்கள் என்று கத்தினேன். கட்டை உங்களுக்குக் குறைவு. முகம் கண்ணாடிக்கு மிகக் கிட்ட வருகிறது. அந்தத் துண்டு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"கொண்டுவாருங்கள். திரும்ப ஒட்டி, மேலே ஒரு ரப்பரும் வைத்தால் உங்களுடைய துவக்கு ஆகிவிடும்."

வீட்டுக்கு வந்து மாதாவைத் தூக்கி மேசையில் வைத்தேன். துண்டை எடுத்தேன். மேல்பக்கம் மெழுகு சிந்தியிருந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டைக் கதவில் மாட்டினேன். திங்கட்கிழமை கொண்டுபோவதாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சவிரிமுத்து தொலைபேசி எடுத்தான்.

"என்ன மச்சான், பொலிசுக்கு என்ன சொன்னனி?"

"இன்னும் இல்லை, அண்ணை. நானே லைசென்ஸ் எடுக்கலாமெண்டு…"

"நீயோ? நீ கடிக்கிற நுளம்புக்கே வழி விடுறவன்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "விசர் கதை கதையாத. இஞ்ச அனுப்பு. அவளின்ர துவக்கு அது. அதைக் கொண்டுதான் இந்த முறை எல்க்குக்குப் போறன்."

"உங்களுக்குச் சரிவராது. எனக்கே புருவம் வெட்டிப்போச்சு. நீங்கள் ஆறடி. மூக்குப் போயிடும்."

"கட்டையை மாத்துவன்."

"மாத்த ஏலாது."

இப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு கோட்டைப் பார்த்தேன்.

மறுமுனையில் அவன் மனைவி றோஸ்மலரின் குரல் கேட்டது. "என்னவாம்?" அவன் எதையோ விளக்கினான். அவள் உரத்துக் கேட்டாள்: "அளவென்னவெண்டு கேளுங்கோ."

"ஏன், நீ வரப்போறியோ? கோழி வெட்ட நான் வேணும் உனக்கு."

"நீங்கள் வெட்டினால்தானே நான் சும்மா நிக்கலாம். போனைத் தாங்கோ." போன் கை மாறியது. "தம்பி, என்ன அளவு?"

"பன்னிரண்டே முக்கால், அக்கா. முழங்கை மடிப்பில இருந்து விரல் வரைக்கும் அளக்க வேணும்."

தையல் நாடா தேடும் சத்தம். மேசை லாச்சி திறந்தது. சவிரிமுத்து ஏதோ முணுமுணுத்தான். "அசையாம பிடியுங்கோ," என்றாள் அவனிடம்.

"பதின்மூண்டு," என்றாள் என்னிடம். "கால் அங்குலம் கூட. பிழையோ?"

"இல்லை. அங்க குளிருக்குத் தடிச்ச கோட் போடுவியள்தானே. கோட்டுக்குக் கால் அங்குலம் போயிடும்."

"அப்ப சரி." பிறகு கேட்டாள்: "நல்லா உதைக்குமோ?"

"தோள் நீலமாகும். ஒரு கிழமையில போயிடும்."

"அவ அப்ப எனக்குச் சொன்னவ," என்றாள் றோஸ்மலர். "பச்சையாகி மஞ்சளாகுமெண்டு."

கோட்டிலிருந்து துண்டை எடுத்து, இருந்த இடத்தில் வைத்து, மாதாவை அதன் மேல் வைத்தேன். துவக்குப் பெட்டிக் கதவின் உள்பக்கம் அந்த அட்டவணை ஒட்டியிருந்தது. 270இன் கீழே, உதை என்ற கட்டத்தில், நான் எழுதிய எண்ணை அவள் பென்சிலால் வெட்டி 'இவ்வளவு காணும்' என்று எழுதியிருந்தாள். தாளைக் கிழியாமல் உரித்து மடித்தேன்.

திங்கட்கிழமை டட்லியின் கடைக்குப் போனேன். அவர் என் புருவத்தைப் பார்த்தார்.

"துண்டைக் கொண்டுவந்தீர்களா?"

"இல்லை. இதைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு பெண் லைசென்ஸ் எடுக்கிறாள்."

அவர் படிவங்களை எடுத்தார். தோட்டா, கலிபர், இலக்கம் என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். மடித்த அட்டவணையைத் துவக்குறைக்குள் வைத்தேன்.

"கட்டையை…" என்றார். விமானம் வந்தது. இருவரும் பொறுத்திருந்தோம். "…என்ன செய்ய?"

"தொட வேண்டாம்," என்றேன்.