மேலே சுடும் துப்பாக்கி

விடிந்ததும் எழுந்தேன். மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டினேன். தொட்டியில் தவிடு கரைத்தேன். வேப்பங்குச்சியால் பல் துலக்கினேன். கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். சவரம் செய்தேன். காப்பி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வாசலைப் பெருக்கினேன். என் மனைவி தனக்கொடி ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தாள். அதிலிருந்து இதுதான் வரிசை. மாற்றத் தோன்றவில்லை.

பெருக்கி முடிப்பதற்குள் அவளுடைய அண்ணன் உலகநாதன் வந்து நின்றார். சோரியாங்குப்பத்திலிருந்து பாகூருக்கு வரப்பு வழியாகவே நடந்து வந்திருந்தார். முழங்கால் வரை சேறு.

"இன்னா மாப்ள, துப்பாக்கிய எடுத்து வைங்க. மத்தியானம் நடேசன் வரான். அறுத்துடலாம்."

நடேசன் எங்கள் ஊர்க் கொல்லர். குழாயில் ஒரு முழம் அறுப்பது, குழாயின் மேல் ஓடும் இரும்புப் பட்டையை உளி வைத்துப் பெயர்ப்பது, கட்டையில் கன்னம் வைக்கிற மேட்டை இழைத்துத் தள்ளுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தத் துப்பாக்கி என் மாமனார் சிவப்பிரகாசத்துடையது. அவர் ஊசுட்டேரிக் கரையில் முசே ரெனார் என்ற பிரெஞ்சுக்காரரின் பங்களாவில் மேற்பார்வை பார்த்தவர். ரெனார் சொந்த நாட்டுக்குக் கப்பலேறியபோது அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமனார் சாகும்முன் மகனை விட்டுவிட்டு மகளுக்குக் கொடுத்தார். உலகநாதன் எதையும் இருந்தபடி விடமாட்டான் என்று மட்டும் காரணம் சொன்னார். அது உண்மை. உலகநாதன் புது ஏரைக்கூட ஒரு சாண் வெட்டித்தான் பூட்டுவார்.

எனக்கு வேட்டைப் பழக்கம் கிடையாது. ஆனால் அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அவளுடைய பொருள் என்று வீட்டில் முழுசாக மிஞ்சியது அது ஒன்றுதான். சேலைகளையும் பாத்திரங்களையும் அவளுடைய அம்மா, என் அத்தை, ஏற்கெனவே சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டிருந்தார்.

உலகநாதனின் கோபத்துக்கும் நியாயம் இருந்தது. அவருடைய கரும்பை நரிகள் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தன. என்னிடம் துப்பாக்கியை இரவல் வாங்கிப்போய்ச் சுட்டுப் பார்த்தார். ஒன்றுகூட விழவில்லை. ஒரு நரி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனதாக அவரே சொன்னார். எல்லாம் இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து வருகிற நரி, அதனால்தான் இந்தத் திமிர் என்றும் சொன்னார்.

துப்பாக்கியைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஒற்றைக் குழாய், நாட்டுத் துப்பாக்கியைவிட நீளம், தூக்கினால் தோள் வலிக்கும் கனம். விசையைப் பூட்டி வைக்கத் தாழ் கிடையாது. குழாயின் மேல் தட்டையான பட்டை ஒன்று, இடையிடையே இடைவெளி விட்டு, ரயில் பாலம் போல ஓடியது. நுனியில் ஒரு வெள்ளை மணி, நடுவில் இன்னொரு சின்ன மணி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சண்டைக்குப் போய் வந்த பென்ஷன் சொல்தா ஆரோக்கியம், இது ஜெர்மன்காரன் துப்பாக்கி, வீட்டில் வைத்திருந்தால் வம்பு என்றார். போலீஸ்காரர் யானை சுடுவதற்கு என்றார். பாகூரில் எத்தனை யானை என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். நடேசனுடைய கருத்துத்தான் ஊரில் நிலைத்தது. குழாய் எப்போதோ வளைந்துவிட்டது, ஒடிந்த காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதுபோல அந்தப் பட்டையை வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள், அதனால்தான் குறி தப்புகிறது.

உலகநாதன் அத்தையை அழைத்துவரத் திரும்பிப் போனார். மத்தியானம் வரை நேரம் இருந்தது.

பழைய வேட்டி ஒன்றை வைக்கோல் போரில் விரித்துக் கட்டி, கரியால் தேங்காய் அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். வண்டிச் சக்கரத்தின் மேல் கையை ஊன்றிச் சுட்டேன். வட்டம் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே ரவைகள் எல்லாம் நெருக்கமாகப் பதிந்திருந்தன. மறுபடி சுட்டேன். அதே இடம். இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. வளைந்த குழாய் இவ்வளவு ஒழுங்காகத் தப்பாது. கட்டையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மேடு கன்னத்தை உயர்த்தியது, கண் உயர்ந்தது, குழாய் தானாக நிமிர்ந்தது. யாரோ வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஊசுட்டேரியைப் பற்றித் தனக்கொடி ஒருமுறை சொன்னாள். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவாளாம். பங்களாவுக்குப் பின்னால் கரை முழுக்கக் கறுப்புத் தட்டுகளின் உடைந்த துண்டுகள் கிடக்கும். வழவழப்பாக இருக்கும். பாண்டி ஆடுவதற்கு அதைவிட நல்ல சில்லு கிடையாது என்று மடி நிறையப் பொறுக்கிவருவாள். துரைக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டுகளை உடைப்பார் என்று வெகுநாள் நம்பியிருந்தாளாம்.

புதுச்சேரிக் கல்லூரியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒரு பாட நேரம் முழுவதையும் அவர் நாட்டுத் துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பேசி வீணாக்கினார். முதலில் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்களாம். பிறகு புறாவுக்குப் பதில் தட்டு. ஒரு பொறி தட்டை மேலே எறியும். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே சுட வேண்டும். ஏறுகிற பொருளைச் சுட, குறிக்குச் சற்று மேலே போகிற துப்பாக்கிதான் வேண்டும்.

ஆக, துப்பாக்கியில் பழுது இல்லை. தட்டுகளைச் சுடுவதற்காகவே கட்டப்பட்டது. அதைக் கொண்டு ஓடுகிற நரியைச் சுட்டுக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் வண்டியில் அத்தை விருத்தாம்பாள் வந்து இறங்கினார். உலகநாதன் வந்தார். நடேசன் அரிவாளும் ரம்பமும் உளியுமாக வந்தார். விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு உலகநாதன் கேட்டார்:

"தட்ட எதுக்கு மாப்ள சுடணும்?"

"வெளையாட்டுக்கு."

"சுட்டு?"

"சுட்டு ஒண்ணுமில்ல. ஒடஞ்சிடும்."

"படிச்சவங்க வூட்டுல இதான் பேச்சா," என்றார் நடேசன். ரம்பத்தைத் துடைத்தார்.

வாயால் சொல்லிப் பயனில்லை. புறக்கடையில் கிடந்த மண் மூடிகளை எடுத்துவந்தேன். நடேசனை வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொன்றாக மேலே எறியச் சொன்னேன். முதல் மூடி ஏறி இறங்கித் தரையில் விழுந்து உடைந்தது. நான் விசையை அழுத்தவே இல்லை. அத்தை பெருமூச்சு விட்டார். இரண்டாவதை, வெள்ளை மணிக்கு மேலே மூடி தெரியும்படி வைத்துச் சுட்டேன். மூடி இருந்த இடத்தில் செம்மண் புழுதி மட்டும் நின்றது.

உலகநாதன் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். குறி பார்ப்பதில் அவர் கை எனக்கு மேல். எறிந்ததையெல்லாம் உடைத்தார். மூடி தீர்ந்த பிறகும் நடேசனை வேறு ஏதாவது எறியச் சொன்னார். நடேசன் ஒரு நல்ல சட்டியைத் தூக்கியதும் நான் தடுத்தேன்.

"எல்லாம் சரி," என்றார் உலகநாதன். "நரி பறக்காதே மாப்ள."

"அதோட காலுக்குக் கீழ குறி வைங்க. ஒடம்புல படும்."

யோசித்தார். "இத்தினி நாளா அது மண்டைக்கு மேல சுட்டுக்கினு இருந்தனா? யாராவது பாத்திருப்பாங்களா?"

நரி பார்த்தது என்றேன். நடேசன் ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டார். வந்ததற்கு வேறு ஏதாவது அறுக்க வேண்டுமா என்று கேட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். அத்தை எழுந்து மகனிடம் சொன்னார்.

"அறுக்க வேணாம்னா வேணாம். ஆனா நீ எடுத்துக்கினு வாடா. எம்பொண்ணு கடைசியா சொன்ன வார்த்த அது. துப்பாக்கிய அண்ணங்கிட்ட குடுத்துடும்மான்னு சொல்லிச்சு. நான் பக்கத்துல தான் குந்தினு இருந்தேன்."

இந்தப் பேச்சு வளர்ந்த விதம் எனக்குத் தெரியும். உடலை எடுத்த அன்று, ஏதோ முனகினாள் என்றார். பதினாறாம் நாள் அதில் அண்ணன் என்ற சொல் சேர்ந்தது. பொங்கலுக்குள் முழு வாக்கியமாகிவிட்டது. பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. இப்போது அவர் நினைவில் அதைக் காதாரக் கேட்டே இருந்தார்.

உலகநாதன் என்னைப் பார்த்தார். "நீங்களும் இருந்தீங்களே மாப்ள. சொல்லிச்சா? இல்லன்னா சொல்லுங்க, நான் இத தொடல."

அத்தையும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மிரட்டல் இல்லை. பயம்தான் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், துப்பாக்கி என் வீட்டில் இருந்துவிடும். ஆனால் அதோடு நிற்காது. அப்படியானால் என்னதான் சொன்னாள் என்று அடுத்த கேள்வி வரும்.

"மெதுவா சொல்லிச்சு," என்றேன். "அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அறுக்கமாட்டேன் என்று உலகநாதனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அத்தை தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினார். உலகநாதன் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டார். வண்டி போயிற்று. முற்றம் முழுக்க ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. மறுபடி பெருக்க வேண்டியதாயிற்று.

தனக்கொடி இறந்த அன்றும் அத்தை வந்தது உச்சிவேளையில்தான். வண்டி தெருவில் நிற்கும்போதே வண்டிக்காரனைத் திட்டுவது உள்ளே கேட்டது. தனக்கொடி கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவாகவே இருந்தது. பேசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சொன்னபடியே நான் வாசலில் போய்ச் சொன்னேன். அத்தை உள்ளே வந்து சத்தம் செய்யாமல் உட்கார்ந்தார். விளக்கு வைக்கும்வரை விசிறிக்கொண்டே இருந்தார். தனக்கொடி பிறகு கண் திறக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

"அம்மா கொரல் கேக்குது. நான் தூங்குறேன்னு சொல்லிடுங்க."