பச்சைக் கன்னம்

பெயிண்ட் கடையில் கலர் கலக்குபவர் அவர். சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், பத்தே நிமிஷத்தில் அச்சு அசலாக அதே நிறத்தை டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். தெருவே அவரை 'ஷேடு கார்டு' என்றுதான் கூப்பிடும். மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவியை ஒருத்தி பச்சையும் ஊதாவுமாக வரைந்து வைத்தால் சும்மா இருப்பாரா?

மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அங்கே ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மாடி வீட்டு ஓவியப் பெண் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். அதன்பின் ஆறு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் போய்ப் படத்துக்கு உட்காருவதுதான் மனைவிக்கு வேலை. கண்காட்சி முடிந்து படம் திரும்பி வந்ததும், "இது உங்களுக்குத்தான்க்கா. வேண்டாம்னா சொல்லுங்க, வெளியூர்க்காரர் ஒருத்தர் ஆசையா கேக்கறார். மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்" என்றாள் அந்தப் பெண்.

மனைவிக்கு அந்தப் படத்தின்மேல் கொள்ளை ஆசை. ஆனாலும், "எங்க வீட்டுக்காரர் வந்து பாக்கட்டும். அவருக்குப் பிடிக்காததை வீட்டுல மாட்டி என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டாள்.

அவர் மாடியேறி வந்து பார்த்தார். கன்னத்தில் பச்சை. கழுத்தோரம் ஊதா. காது மட்டும் ஆரஞ்சில் எரிந்தது.

"ஏம்மா, மனுஷ கலர் தீந்துபோச்சா? கைக்கு வந்ததைப் பூசிட்ட?"

ஓவியப் பெண் சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை.

"அந்த வெளியூர்க்காரருக்கே குடுத்துடும்மா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் தொழில் தெரிந்தவன் வாய் லேசில் அடங்குமா? "நான் ஒண்ணும் தப்பா சொல்லல. நீயே பாரேன்" என்று மனைவியை ஜன்னல் பக்கம் இழுத்து நிறுத்தினார். பல்பு வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் அவர் தீர்மானிப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து, பெயிண்ட் நிறங்களெல்லாம் பட்டை பட்டையாக அச்சிட்ட ஷேடு கார்டை எடுத்து, மாநிறத்துக்குப் பக்கத்தில் வருகிற பட்டையாகப் பார்த்து அவள் கன்னத்தில் வைத்தார்.

சேரவில்லை. அடுத்த பட்டையை வைத்தார், அதுவும் சேரவில்லை. கண்ணுக்குக் கீழே ஏதோ ஒரு நிறம் இடித்தது. பச்சைப் பக்கத்தைப் புரட்டி, இருப்பதிலேயே வெளிறியதை அங்கே கொண்டுபோனார். கச்சிதமாக உட்கார்ந்தது. வெயில் ஊடுருவிய காதுமடலைப் பார்த்தார். ஆரஞ்சேதான்.

ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவர். இவளை மட்டும் பெண் பார்த்த அன்றைக்கு மாநிறம் என்று முடிவு கட்டியதோடு சரி. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறி, இவள் இவ்வளவு அழகா என்று நெஞ்சு நிறைந்துபோனது.

"அண்ணா, அந்த வெளியூர்க்காரருக்கு என்ன சொல்லட்டும்?"

"வரவேண்டாம்னு சொல்லும்மா" என்றார் திரும்பாமலே.

"சரி, விடுங்க. அந்தப் பொண்ணு பாக்குது" என்று மனைவி நகரப் போனாள்.

அவர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கொஞ்சம் இரு. நான் இன்னும் பாத்து முடிக்கல."