கழுத்தில் பச்சைக் கயிறு

எங்கள் குடியிருப்பின் பொறுப்பாளர் புருல்சா அக்கா வாசற்கதவில் ஒட்டிய அறிவிப்பில் இரண்டே வரிகள்தான் இருந்தன. "சனிக்கிழமை காலை சொந்தக்காரர் இல்லாத பூனைகள் பிடித்துச் செல்லப்படும். வீட்டுப் பூனைக்குக் கழுத்தில் பட்டை கட்டவும்." கருத்தடை செய்து மறுநாளே கொண்டுவந்து விடுவார்கள் என்பதை எழுத மறந்துவிட்டார்.

சனிக்கிழமை முற்றத்தில் பதினேழு பூனைகள். பதினேழின் கழுத்திலும் ஏதாவது ஒன்று: ரிப்பன், ஷூ லேஸ், குழந்தைக்குக் கண்படாமலிருக்கக் கட்டும் கறுப்பு வெள்ளை மணி. நிலவறையில் வளர்ந்த ஒற்றைக்கண் கடுவன் பூனைக்கு யாரோ டை கட்டியிருந்தார்கள்.

கூண்டுகளோடு பிஷ்கெக் நகரின் மறுகோடியிலிருந்து வந்த கால்நடை டாக்டர் சைக்கால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"தெருப்பூனை எங்கக்கா? எல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிக்குதுங்க!"

புருல்சா அக்கா மாடிகளைப் பார்த்துக் கத்தினார். "கொல்ல மாட்டாங்கய்யா! நாளைக்கே திரும்ப விட்டுருவாங்க. வந்து அவுத்துவிடுங்க!"

ஒவ்வொருவராக அசடு வழிய இறங்கி வந்தார்கள். கூண்டுகள் நிரம்பின. கைமாக் என்ற பெண்பூனை மட்டும் பாக்கி. கைமாக் என்றால் பாலேடு; அதன் நிறமும் அதுதான். ஒரே வருடத்தில் மூன்று முறை குட்டி போட்டு விலா எலும்பு தெரிந்தது. இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளை பூனைகளைத் திரும்ப விட்டதும் அவர் மலை மேய்ச்சல் நிலங்களுக்குப் போகிறார், இனி இலையுதிர் காலத்தில்தான் வருவார்.

கைமாக்கின் கழுத்தில் பச்சைக் கயிறு. கட்டியது நான்தான் என்று யாரும் முன்வரவில்லை. போன வருடம் ஒரு வீட்டுப் பூனையைத் தவறாகக் கொண்டுபோய் வசவு வாங்கியதிலிருந்து, கட்டியவர் சொல்லாமல் டாக்டர் தொடுவதில்லை.

கட்டியவரை விடியற்காலையில் ஜன்னல் வழியே நான் பார்த்திருந்தேன். தோக்தோசுன் மாமா. காரில் பூனைக்கால் பதிந்தால் தெருவையே திட்டுகிறவர். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. ஆனால் டாக்டர் வேன் கதவைச் சாத்தப் போனார்.

மாமா அருகே போய் மெதுவாகச் சொன்னேன். "மாமா, அது நீங்க மீன்பிடிக்க எடுத்துட்டுப் போற கயிறு..."

"பூனைய விரட்டுறவன் நான். எனக்கென்ன சம்பந்தம்?"

"கத்தரிக்கோல் குடுங்கக்கா!" என் குரலா அது? "யாரோடதும் இல்லன்னா கயித்த நானே அறுத்துடுறேன்."

"ஏய், ஏய்! கழுத்துகிட்ட கத்தரிக்கோல் கொண்டு போகாத! பயந்துரும். கண்ணு, இங்க வாம்மா..."

கைமாக் ஒரே தாவலில் மாமாவின் மார்பில் ஏறிக்கொண்டது. முற்றமே சிரித்தது.

"விரட்டுற லட்சணத்தப் பாரு!" என்றார் புருல்சா அக்கா.

மாமா காது சிவக்கச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இது ரொம்ப மெலிஞ்சிருக்கு. ஆபரேஷனுக்கப்புறம் பத்து நாள் வீட்டுக்குள்ள வச்சுக்கணும்," என்றார் டாக்டர்.

"அதுக்கென்ன, கட்டில்ல அதோட எடம் அதுக்கு இருக்கு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு யாரையும் பார்க்காமல் வேனில் ஏறி, கூண்டுகளுக்கு நடுவே முட்டியை மடக்கி உட்கார்ந்தார்.

"நீங்க வரவேண்டாம் மாமா!" என்றார் டாக்டர்.

"வண்டிய எடும்மா," என்றார் அவர். "மெதுவா ஓட்டு."