சுவரைப் பார்த்துச் சொன்னது

நாலு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஞானகுமாரி. ஆறாவது மாதம். அம்பத்தூரில் புதிதாக வந்திருந்த அந்த ஸ்கேன் சென்டரில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"இன்னாமே, கொரட்டூர் ஏரி கணக்கா ரொம்பிக் கீறியே" என்றான் கணவன் கிறிஸ்துராஜ்.

"சிரிக்க வெக்காத. இங்கயே கரை ஒடஞ்சிடும்" என்று அவன் தொடையில் கிள்ளினாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கொழந்த ஹார்ட்டுல ஒரு வால்வே வளரலியாம். எங்கியோ ஒண்ணுக்குத்தான் இப்பிடி வருமாம். மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில இன்னொரு ஸ்கேன் பாக்கணும். அங்கயே பெத்தா, பொறந்ததும் ஆபரேஷன் பண்ணலாமாம்."

"ஆணா பொண்ணா?"

"அது தெரியலியாம்."

வால்வு தெரிகிற மிஷினுக்கு அது தெரியாதா?

ஓரகத்தி சகாயமேரியின் ஞாபகம் வந்தது. போன வருஷம் அவளையும் இப்படித்தான், பனிக்குடத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லி மாமியார் எங்கோ கூட்டிப்போய்க் கலைத்துக்கொண்டு வந்தாள். கலைத்தது பெண் என்பது பிறகு ஆஸ்பத்திரி ஆயா சொல்லித்தான் தெரிந்தது. ஞானகுமாரிக்கு மூத்ததும் பெண்.

மறுநாளே மூத்தவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோவில்பதாகையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துராஜ் ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து, வாரம் தவறாமல் சைக்கிளில் வந்து நின்றான். ஒரு தடவை மாமியாரும் கூடவே வந்தாள். இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதோடு போயிற்று.

"ஒரு ஸ்கேன்தானேமே. வா."

"உங்கம்மா எதுக்கு வந்துகீது, கைய புடிச்சிக்கவா? ஹார்ட்டாம், வால்வாம். சைக்கிளுக்குத்தான் நான் வால்வு கேள்விப்பட்டுக் கீறேன்."

பிரசவம் பக்கத்து நர்சிங் ஹோமில். ஸ்கேன் விஷயத்தை அங்கே அவள் மூச்சுவிடவில்லை. பெண் குழந்தை. ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது. பிறகு குழந்தை மூச்சுக்குத் திணறியது. உதடு நீலம் பாரித்தது. நர்ஸே அவசரமாக நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். மெட்ராஸுக்கு எடுத்துப்போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கம் செய்துவிட்டு வந்த கிறிஸ்துராஜ் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.

"பொண்ணுன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. அத்த மட்டுந்தான் மறைச்சேன். சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு..."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, மீதிய நம்பியிருப்பியா?"

அதற்கப்புறம் குவார்ட்டர்ஸ் மாறினார்கள், மூத்தவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அந்தக் கேள்வியை அவளே தன்னை எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். நம்பியிருக்க மாட்டாள்.