கவிழ்த்து வைத்த வாளி

ஆய்வகத் தொலைபேசி அடித்தபோது மணி பதினொன்று. வரவேற்பில் இருப்பவள் அன்று வரவில்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன். இளவயதுக் குரல். மரியாதையாகத்தான் கேட்டது.

"குக்கர் இருக்காங்களா?"

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். "கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டோம்னு சொல்லுங்க" என்றான். அதற்கு மேல் அவர்களால் அடக்க முடியவில்லை. சிரிப்போடு இணைப்பு அறுந்தது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து சீனியர் கேட்டார்.

"ராங் நம்பர் மேடம்."

குக்கர் என்ற பெயர் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு, தம்பிக்கு, அம்மாவுக்கு. சீனியருக்கு அதை வைத்தவள் நான்.

எங்களுடையது குடிநீர் சோதிக்கும் ஆய்வகம். தொட்டிகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் பாட்டில்களில் நீர் வரும். அதைத் தட்டுகளில் ஊற்றி இரண்டு நாள் சூட்டில் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கிருமியும் வளர்ந்து ஒரு புள்ளியாகும். புள்ளிகளை எண்ணுவதுதான் வேலை. சீனியர் எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. மேலாளரே வந்து நின்றாலும் இடக்கையை உயர்த்தி நிறுத்திவிட்டு வலக்கையால் எண்ணுமானியை அமுக்கிக்கொண்டே இருப்பார். நடுவில் கவனம் கலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவேட்டில் தவறு வந்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து. சேர்ந்த புதிதில் நான் ஓர் எண்ணை வெள்ளை மை பூசி மறைத்துவிட்டேன். சீனியர் அதைப் பார்த்து மூக்கால் நீளமாக மூச்சு விட்டார். பிறகு இன்னொரு மூச்சு. மூன்றாவதற்குப் பிறகுதான் வாய் திறந்தார். "அழிக்காதே. என்ன தப்புன்னு நாளைக்கு ஒருத்தருக்குத் தெரியணும்." அவ்வளவுதான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த மூன்று மூச்சுகளையும் நடித்துக் காட்டினேன். மூணு விசில் வந்தாத்தான் இறக்க முடியும் என்றேன். தம்பி சிரித்தான்.

அவன் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. படிப்பு முடிந்து இரண்டு வருடம். ஏழு நேர்முகத் தேர்வுகள். கூடப் படித்த பெண்ணுக்கு அவன் எழுதிய செய்தியை அவள் தோழிகளிடம் காட்டிச் சிரித்தாள் என்று ஒரு கதை. உண்மையா, அவனாக நினைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அறைக்கதவு மூடியே இருக்கும். தட்டு உள்ளே போகும், பாதிச் சோற்றோடு வெளியே வரும். உள்ளே யாரோ ஓர் ஆள் நிதானமான குரலில் பேசும் காணொளிகள் ஓடிக்கொண்டிருக்கும். பெண்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டாம். நம்மைப் போன்ற ஆண்களுக்குப் பெண் கிடைக்கத் தலையில் எழுதியிருக்கவில்லையாம். வேலை எல்லாம் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்களாம். சாப்பிடும்போது அவன் இதையெல்லாம் சொல்வான். அம்மா "வயசுப் பையன், வாய்க்கு வந்ததைப் பேசுறான்" என்பாள். நான் எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை. நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. கல்லூரி வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

ஆனால் குக்கரை நடிக்கும்போது எனக்குக் குரல் வந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பேன். தம்பி அறையைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். "இன்னைக்கு குக்கர் என்னக்கா பண்ணுச்சு?" என்று அவனே கேட்பான். நாள் முழுக்க அவன் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி அது. அதற்காக நான் சேகரிக்கத் தொடங்கினேன். ஒன்றும் நடக்காத நாளில் கொஞ்சம் சேர்த்தேன். சீனியர் கணவனைப் பிரிந்து வந்தவர் என்பதைச் சொன்னேன். "மனுஷன் எத்தனை விசில் வரைக்கும் தாங்கினாரோ" என்றும் சொன்னேன். அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீனியருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும். நின்றே பார்க்கிற வேலை. ஒருநாள் மதியம் காலணியைக் கழற்றிவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் மூலையிலிருந்த வாளியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து, சத்தமில்லாமல் அவர் கால்களைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே ஏதோ முனகினார். தேங்க்ஸ் என்று சொல்லியிருக்கலாம். பிறகு வாய் லேசாகத் திறந்தது. நான் செல்போனை எடுத்துப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். "அடுப்பு அணைஞ்சாச்சு" என்று கீழே எழுதினேன். வாளியைக் கவிழ்த்ததற்கும் படம் எடுத்ததற்கும் நடுவே இரண்டு நிமிடம்கூட இருக்காது.

குக்கரைக் கேட்டு அழைப்பு வந்த அன்றைக்குத் தொலைபேசி மேலும் நான்கு முறை அடித்தது. நான்கும் ராங் நம்பர் என்றேன்.

மறுநாள் காலை சீனியர் தன் செல்போனை என் முன்னால் மேஜையில் வைத்தார். அந்தப் படம். அதன் மேல் அவருடைய எண்ணும் ஆய்வகத்தின் பெயரும் இருந்தன.

"நேத்து ராத்திரியிலேர்ந்து நூத்தி எழுபது மெசேஜ் வந்திருக்கு. படிக்கிற மாதிரி இல்ல. என் பொண்ணோட ஸ்கூல் பேரைக்கூடப் போட்டிருக்கான் ஒருத்தன்."

பள்ளியின் பெயரையும் நான்தான் சொல்லியிருந்தேன். நான்கு மணியானால் மகளைக் கூப்பிடக் கோட்டைக்கூடக் கழற்றாமல் எப்படி ஓடுவார் என்று நடித்துக் காட்டிய நாளில்.

"இந்த வாளி," என்று படத்தில் விரலை வைத்தார். "நீதானே கவுத்து வச்சே."

"ஆமா மேடம்."

அவர் காத்திருந்தார். மதியத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே உள்ளே இருப்போம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வரவேயில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போலீஸ்ல புகார் குடுக்கணும்னா எங்க போட்டாங்க, யாரு ஆரம்பிச்சான்னு காட்டணுமாம். இது மட்டும் பத்தாதாம். நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுக்கப் போய்விட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நல்ல வெயிலிலும் தம்பியின் அறையில் திரைச்சீலை மூடியிருந்தது. படத்தை எங்கே போட்டாய் என்று நான் கேட்டதும் மறுக்காமல் செல்போனை நீட்டினான். அவன் படம் போட்டிருந்த குழுவில் நான்காயிரம் பேர். 'குக்கர் கதைகள்' என்று வரிசை எண்ணோடு முப்பத்தொன்று. எல்லாம் என் பேச்சு. நான் எங்கே நிறுத்திச் சிரிக்க வைப்பேனோ அங்கே ஒரு வரி விட்டு எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். கீழே இருந்தவற்றில் சிலதைப் படித்தேன். அவரை என்ன செய்ய வேண்டும் என்று முகம் தெரியாதவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லியிருந்தார்கள். ஒருவன், இதையெல்லாம் உனக்குக் கொண்டுவந்து கொடுப்பது யார், அவளுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தான். தம்பி பதில் எழுதியிருந்தான்: அது எங்க அக்கா, அவளை விட்டுருங்கடா.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நம்பரை நான் போடலக்கா. ஸ்கூல் பேரு கதையில ஒரு இடத்துல வந்துச்சு. மத்ததை எவனோ தேடிப் புடிச்சுட்டான்" என்றான்.

நான் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனேன்.

"நீ சொன்னதைத்தான போட்டேன். நீயும் சிரிச்சல்ல."

பிறகு கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அங்க எல்லாரும் என்னை அண்ணான்னு கூப்பிடுறாங்கக்கா. நான் ஒரு நாள் வரலைன்னா கேக்குறாங்க."

அம்மா ஈரக்கையோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள். அழித்துவிட்டால் ஒன்றுமில்லை, ஊருக்கு ஆயிரம் வேலை, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றாள். தம்பி என் கையிலிருந்து செல்போனை வாங்கினான். முப்பத்தொன்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தான். விரல் திரைக்கு மேலே நின்றது. அழிந்துவிட்டால் மிஞ்சப்போவது படம் ஒன்றுதான். அதை எடுத்தது யார் என்று சீனியர் தன் வாயால் கேட்கப் போவதில்லை. நானும் சொல்ல வேண்டியிருக்காது. அம்மாவைவிட எனக்குத்தான் அது வேண்டியிருந்தது.

"அழிக்காதே" என்றேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். என் குரல் சின்னதாகத்தான் இருந்தது. அடுப்படி வாசலில் வரும் குரல் இல்லை.

"கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"என் பேரைச் சொல்லுவியாக்கா?" என்றான் தம்பி.

"என் பேரை மொதல்ல சொல்லுவேன்."

அவன் செல்போனின் திரைப்பூட்டை எடுத்துவிட்டு அதைக் கட்டிலில் வைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் எடுத்தபோது அது அவன் கைச்சூட்டோடு இருந்தது.

மறுநாள் நான் போனபோது சீனியர் எண்ணிக்கொண்டிருந்தார். நின்றபடிதான். காலணியிலிருந்து குதிகால்களை மட்டும் வெளியே எடுத்திருந்தார். வாளி மூலையில் நிமிர்ந்து இருந்தது, அதற்குள் துடைப்பான். நான் பக்கத்தில் வந்ததும் இடக்கையை உயர்த்தினார். பேச நினைத்திருந்த முதல் சொல்லை விழுங்கிக்கொண்டேன். தம்பியின் செல்போனை மேஜையில், தட்டுக்கு அருகே மெதுவாக வைத்தேன். எண்ணுமானி டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

திரை தானாக ஒளிர்ந்தது. பெரிய எழுத்து. அவர் நின்ற இடத்திலிருந்து படிக்க முடியும்.

அண்ணா, ரெண்டு நாளா குக்கர் இல்லையே?

அதன் கீழே இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று.

டிக் சத்தம் நின்றது. அவர் கண்கள் தட்டை விட்டு நகரவில்லை. சிறிது நேரம் கழித்து எண்ணுமானியின் பக்கவாட்டுத் திருகைத் திருப்பினார். நான்கு கட்டங்களிலும் பூஜ்யம் வந்து நின்றது. தட்டின் ஓரத்திலிருந்த முதல் புள்ளிக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார்.

இடக்கை இறங்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.