லோகு சொல்லச் சொல்ல வரைந்த முகம்

முதல் ஞாயிற்றுக்கிழமை தேவிப்பிரியா மூக்கைக் கொஞ்சம் நீளமாக வரைந்துவிட்டதால், வச்சலா அன்று மத்தியானம் நீளமான மூக்கோடு தேவனேரிக் குப்பத்துக்குத் திரும்பினாள். வலை பிரித்துக்கொண்டிருந்த புருஷன் லோகு நிமிர்ந்து பார்த்து, "இன்னாடி, வெயில்ல சுத்திகினு வந்தியா?" என்று கேட்டதோடு சரி.

மாமல்லபுரத்தில் ஒரு கடையின் மாடியில் கோதண்டராமன் என்பவர் உருவப்பட வகுப்பு நடத்திவந்தார். வந்தவர்கள் பெரும்பாலும் தேவிப்பிரியாவைப் போல நாவலூர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. மீன் கூடையைச் சுமப்பதைவிட நாற்காலியில் அசையாமல் இருப்பது சுலபம் என்று வச்சலா ஒத்துக்கொண்டாள். மற்றவர்கள் வரைந்தது காகிதத்தோடு நின்றது. தேவிப்பிரியா வரைந்தது மட்டும் முகத்தில் ஏறியது. ஏன் என்று குப்பத்தில் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை; அந்த வருஷம் மத்தி மீன் ஏன் வரவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

அடுத்த வாரம் தாடை ஒரு பக்கம் சரிந்தது. பிறகு ஒரு கண் மற்றதைவிட மேலே ஏறியது. காதைக் கடைசிக்கு வைப்பது தேவிப்பிரியாவின் வழக்கம்; ஒரு நாள் நேரம் போதாமல் போக, வச்சலா அந்த வாரம் முழுக்க வலது காது இல்லாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மீன் விற்றாள். கல்யாணப் படத்திலும் ஆதார் அட்டையிலும் லோகுவின் போனிலும் முகம் அவ்வப்போது தானே மாறிக்கொண்டதால் ரேஷன் கடையில் சிக்கல் வரவில்லை. மீன் சந்தையில்தான் வந்தது. "வச்சலா எங்க போச்சு? அது எடத்துல நீ குந்திகினு கீறே?" என்று பழைய வாடிக்கைக்காரர் அவளிடமே சண்டைக்கு நின்றார். பக்கத்துக் கூடைக்காரி சங்கரி, லோகுவின் படகுக் கூட்டாளி பன்னீர்செல்வத்தின் மனைவி, "இதாங்க வச்சலா, கொரல கேட்டுப் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சாட்சி சொன்னாள்.

"எம்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும். என் மூஞ்சிய ஒழுங்காப் போடும்மா" என்று வச்சலா கேட்டதும் தேவிப்பிரியா அழுதாள். ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. மனதில் இருப்பதை வரையாதே, கண்ணில் படுவதை வரை என்பது கோதண்டராமனின் பாடம். கண்ணில் பட்டதோ போன வாரத்துப் பிழை. அதை அவள் சிரத்தையாக வரைய, பிழை இன்னும் ஆழமாக இறங்கியது. வகுப்பிலேயே அச்சு அசலாக இருப்பது இவள் படம்தான் என்று பாராட்டி, வாத்தியார் அதைக் கண்காட்சியில் நடுச் சுவரில் மாட்டினார். தேவிப்பிரியா படத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். வச்சலாவை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்; வந்தவர்களின் குழந்தைகள் பயந்தன.

மழைக்காலம் தொடங்குவதற்குள் தேவிப்பிரியாவின் கை உண்மையாகவே தேறிவிட்டது. "இப்ப உங்க பழைய முகத்தையே போட்டுடறேன்கா" என்று அவளாகவே சொன்னாள். போடத்தான் முடியவில்லை. மாதக்கணக்கில் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அது முதலில் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பொட்டு வைக்க மட்டுமே கண்ணாடி பார்த்த வச்சலாவுக்கும் தெரியவில்லை. கூட வாழ்ந்தவன் சொல்லட்டும் என்று லோகுவை வரவழைத்தார்கள். பன்னீர்செல்வம் அவனை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தானும் மாடியேறினான்.

"மூக்குன்னா... மூக்கு மாதிரிதான் இருக்கும்" என்று லோகு இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் என்றார் கோதண்டராமன். மூடியதும் அவனுக்குத் தடையில்லாமல் வந்தது. நெருங்கிய புருவம். மேலுதட்டில் சின்னத் தழும்பு. சிரிச்சா இடது கன்னத்துல குழி வுழும், அதுல வேர்வ நிக்கும். அவன் குரல் தழைந்துகொண்டே போனது. வச்சலாவுக்கு முகம் இளகி நகர்வது தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. வெட்கத்தில் தலை குனிந்தவளை, அசையாதீங்கக்கா என்று தேவிப்பிரியா அதட்டினாள்.

வரைந்து முடித்ததும் முதலில் பேசியது பன்னீர்செல்வம்.

"இன்னாடா இது? எம் பொண்டாட்டி மூஞ்சி?"

லோகு கண்ணைத் திறந்தான். வச்சலா தேவிப்பிரியாவின் போனை வாங்கிப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து சங்கரி அவளைப் பார்த்தாள். புருவம், தழும்பு, குழி எல்லாம் இருந்தன.

"நான் வேணும்னு சொல்லலடி" என்றான் லோகு. அது உண்மைதான். எனக்கு ஒரு பாவமும் தெரியாது என்று சங்கரி மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சொன்னதும் உண்மைதான். பன்னீர்செல்வம் அவளை அடித்து, படகுப் பங்கைப் பிரித்துக்கொண்டு, ஊரை விட்டே கருங்குழிக்குக் கூட்டிப் போய்விட்டான்.

"வேற முகம் போடட்டுமாக்கா?" என்று தேவிப்பிரியா ரப்பரை எடுத்தபோது வச்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணா. இதுவே இருக்கட்டும். தெனம் இதப் பாத்துகினே அவன் சோறு துன்னட்டும்."

அதற்குப் பிறகு லோகு தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான். சந்தையில் வாடிக்கைக்காரர்கள் சங்கரி என்று கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பி, கூடையைத் திறந்து காட்டுகிறாள். குப்பத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லோகு ஒருவன்தான் இன்னும் வச்சலா என்று கூப்பிடுகிறான். அவள் திரும்புவதில்லை.