கழற்றியது யார்?

ஓட்டல் சலவைக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்ததே முதலாளியின் தயவில்தான். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. ஆறு மாதமாகக் கேள்வி கேட்க மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள். விருந்தாளியிடம் கேட்கத் தெரிந்தால் போதுமாம், பதிலை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். டீச்சரம்மா பென்சிலால் மேஜையைத் தட்டிக் கேள்வியைச் சொல்வாள். நாங்கள் ஆறு பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்தங்கினால் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான்.

போன மாதம் என் தங்கையின் கை, விரிப்பு தேய்க்கும் உருளைக்குள் போனது. மூன்று விரல். வேலை வேகமாக ஓட வேண்டும் என்று உருளைக்கு முன்னால் இருந்த தடுப்பைச் சூப்பர்வைசர் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் கண் முன்னால்தான் கழற்றினான். ஆனால் அவளே பராக்குப் பார்த்துக் கையை விட்டாள் என்று வாய் கூசாமல் எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதம் செல்லுபடியானால் அவளுக்கு வேலையும் கிடையாது, வைத்தியமும் கிடையாது.

விசாரிக்கத் தமிழ் தெரியாத அதிகாரி வருகிறார் என்றதும் நான் பதிலைத் தயார் செய்தேன். "சூப்பர்வைசர் டிட்." இரண்டே சொல். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸிலும் அதையேதான் முணுமுணுத்தேன்.

அதிகாரி வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். தடுப்பு இல்லாத இடத்தைக் காட்டி அவர் கேட்டது யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. டீச்சரம்மா முன்னால் வந்தாள். பென்சிலால் உருளையைத் தட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஹூ ரிமூவ்ட் திஸ்?"

"ஹூ ரிமூவ்ட் திஸ்?" என்றோம் எல்லோரும். என் குரல்தான் முதலில் வந்தது.

அதிகாரி சிரித்துவிட்டார். "நோபடி நோஸ்" என்றார் மேனேஜர். அது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் உருளையை ஓடவிட்டான். அந்த இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. டீச்சரம்மா தெரிந்து தட்டினாளா, பழக்க தோஷமா, தெரியாது. அவள்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேலேயே வருகிறது.

வீட்டில் தங்கை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"யாரு கழட்டினதுன்னு கேட்டாராக்கா?"

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நானும் அதையேதான் கேட்டேன்."